அம்மாவின் சம்பளச் சீட்டும் முதல் செய்நிரலும்

கணினிச் செய்நிரல் எழுதப் பழக வேண்டும் என்று வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த மொழி படிக்கலாம்? எந்த கோர்ஸ் நல்லது?" என்பதைத்தான். ஹுன்னஸ்கிரியவைச் சுற்றியுள்ள தோட்டம் ஒன்றிலிருந்து இந்தக் கேள்வி வந்தால், மொழியையும் கோர்ஸையும் பிறகு பார்க்கலாம் என்பேன். முதலில் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்து வாருங்கள்.

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்கு ஏறிப் போகும் ஏ26 வீதியில், நக்கிள்ஸ் மலைக்குள் மீமுரே பக்கம் பிரியும் இடம் ஹுன்னஸ்கிரிய. நல்ல டியூஷன் வேண்டுமென்றால் கண்டி டவுனுக்கு இறங்க வேண்டும். மலை மறைத்தால் சிக்னல் போய்விடும். லயத்தில் மடிக்கணினி இருக்கும் வீடுகள் குறைவு. மென்பொருள் நிறுவனங்களோ பெரும்பாலும் கொழும்பில். இத்தனை குறைகளுக்கு நடுவே இரண்டு பெரிய வசதிகளும் இங்கே உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயங்கள் கண்முன்னே கிடக்கின்றன. போட்ட கணக்கு சரியா பிழையா என்று சொல்ல ஆளும் வீட்டிலேயே இருக்கிறார்.

இரண்டாவது வசதியின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. யூடியூப் பார்த்து ஒரு வானிலைச் செயலி செய்கிறீர்கள். அது ஓடுகிறது. அது காட்டும் எண் சரியா? உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வீடியோவில் வந்ததுபோலவே திரையில் வந்துவிட்டது என்பதோடு பாடம் முடிந்துபோகிறது. பழகும் காலத்தில் ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுக்க நான் வைக்கும் சோதனை இரண்டே. ஒரு வார இறுதிக்குள் ஏதாவது ஒரு வடிவத்தில் ஓடுமா? விடையைப் பார்த்துவிட்டு "இது பிழை" என்று சொல்லக்கூடிய ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் இறங்கலாம்.

பேர், அரைப்பேர், லூப்

கொழுந்து பறிக்கும் ஒருவரின் மாதச் சம்பளத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் தராசில் இத்தனை கிலோ. தோட்டம் குறித்த கிலோவை எட்டினால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), எட்டாவிட்டால் அரைப்பேர் (பாதிச் சம்பளம்). அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசு. எல்லாவற்றையும் கூட்டி, அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்து, பிறகு சங்கச் சந்தா, முற்பணம் என்று கழித்துக்கொண்டே போகிறோம்.

செய்நிரலின் அடிப்படை முழுவதும் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. "ஒவ்வொரு நாளும்" என்பது லூப். "எட்டினால், எட்டாவிட்டால்" என்பது இஃப், எல்ஸ். நாட்களின் கிலோக்கள் வரிசையாக நிற்பது லிஸ்ட். பாடப்புத்தகம் இவற்றை ஒற்றை எண், இரட்டை எண் என்று விளக்கும். அம்மாவின் பேரை வைத்துப் படித்தால் மறக்காது.

முதல் வடிவத்தில் எல்லாவற்றையும் போட முயலாதீர்கள். நாள் எண்ணிக்கையும் நாட்சம்பளமும் மட்டும் போதும். உதாரணத்துக்கு, 22 நாள், நாளுக்கு 1,350 ரூபா என்றால் 29,700. அதில் 8 வீதம் 2,376. கைக்கு 27,324. தொழில் தருநர் தன் பங்காகச் சேமலாப நிதிக்குப் போட வேண்டிய 12 வீதம் 3,564. ஆக, நிதிக்குப் போய்ச் சேர வேண்டியது மொத்தம் 5,940. இது போக, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 891 ரூபா, அதுவும் தொழில் தருநரின் பணம். பத்துப் பதினைந்து வரியில் இது முடியும். முடிந்ததும் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒத்துவராது. அநேகமாக முதல் முறை ஒத்துவராது. இங்கேதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. சீட்டு பிழை என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் செய்நிரலை. அரைப்பேர் நாள் எத்தனை என்று அம்மாவிடம் கேளுங்கள். ஞாயிறு வேலைக்கு வேறு வீதம் என்பார். தீபாவளி முற்பணம் இன்னும் பிடிக்கிறார்கள் என்பார். மேலதிகக் கிலோவின் விலை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி என்பது தெரியவரும். ஒவ்வொரு பதிலும் செய்நிரலில் ஒரு புதிய வரி. மென்பொருள் நிறுவனத்தில் இந்த வேலைக்கென்றே தனிப் பதவி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் உட்கார்ந்து, அவர் சொல்லாமல் விட்ட விதிகளையெல்லாம் கேட்டு வாங்குவது. அந்த வேலையை நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்தே பழகிவிடுகிறீர்கள்.

இன்னொரு பாடத்தை வர்த்தமானியே நடத்துகிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்பதில்லை, இனியும் மாறும். 1,350 என்ற எண்ணைச் செய்நிரலின் ஆறு இடங்களில் எழுதி வைத்திருந்தால், மாறும்போது ஆறு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஓர் இடத்தை விட்டுவிட்டால் கணக்கு கெடும். மேலே ஒரே ஒரு வரியில் 'நாட்சம்பளம்' என்று பெயரிட்டு எழுதி, மற்ற இடங்களில் அந்தப் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். மாறி என்ற கருத்தை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'கிலோ', 'அரைப்பேர்', 'சந்தா' என்று எழுதினாலும் ஓடும். ஆங்கிலம் வராதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. பைதனின் கட்டாயச் சொற்கள் மொத்தம் 35தான். அவற்றில் பாதிகூட முதல் மாதத்தில் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. இந்தச் செய்நிரலை மற்றவர்களுக்குக் காட்டும்போது அம்மாவின் பெயர், சேமலாப நிதி இலக்கம், உண்மையான தொகைகள் எதையும் சேர்க்காதீர்கள். கற்பனை எண்களைப் போட்டுக் காட்டுங்கள். பிறர் தகவலைக் காப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். அதை வீட்டிலேயே தொடங்குவது நல்லது.

மழையை அளக்கும் மூன்று எண்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளை என்ன பாடு படுத்தியது என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவையே முக்கிய அளவுகோலாக வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், வெளியேறிவிட வேண்டும்.

பக்கங்கள் நேராக நிற்கும் ஒரு போத்தலை மரநிழலோ கூரைத் தாழ்வாரமோ இல்லாத இடத்தில் வையுங்கள். தேங்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையின் மில்லிமீற்றர் கணக்கு. ஒவ்வொரு நாளும் காலையில் அதே நேரத்தில் அளந்து, தேதியோடு ஒரு கோப்பில் சேருங்கள். அந்தக் கோப்பைத் திறந்து, அளவைப் பார்த்து, எந்தப் படி என்று சொல்லும் செய்நிரலை எழுதுங்கள்.

மிக எளிதாகத் தெரியும். ஆனால் சரியாக 75 வந்தால் என்ன சொல்லும்? "விட அதிகம்" என்று எழுதினீர்களா, "அதிகம் அல்லது சமம்" என்று எழுதினீர்களா? 160 மில்லிமீற்றர் பெய்த நாளில் உங்கள் செய்நிரல் "விழிப்பாக இருங்கள்" என்று மட்டும் சொல்கிறதா? சொன்னால், நிபந்தனைகளைச் சிறிய எண்ணிலிருந்து அடுக்கி முதல் பொருத்தத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். பெரிய எண்ணிலிருந்து இறங்கி வர வேண்டும். 74, 75, 76 என்று எல்லையின் இரு பக்கமும் கொடுத்துப் பார்ப்பதை மென்பொருள் சோதனையாளர்கள் தொழிலாகவே செய்கிறார்கள். அந்தப் பழக்கம் இங்கே இலவசமாக வருகிறது.

இது பழகுவதற்கான கருவி. உத்தியோகபூர்வ எச்சரிக்கை வந்தால் உங்கள் போத்தல் என்ன சொன்னாலும் கேளாமல் கிளம்புங்கள்.

ஆமை போடும் கோலம்

எல்லாம் பிரயோசனமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் சிறுவர்களுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்றால் கோடிழுத்துக்கொண்டே போகும். அந்த ஆமை பைதனிலும் இருக்கிறது.

ஆமையைக் கொண்டு சதுரமும் நட்சத்திரமும் போட்டு முடித்ததும் சிக்குக் கோலத்துக்கு வாருங்கள். புள்ளிகளைச் சுற்றிக் கம்பி வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இதை விளையாட்டு என்று யாராவது சிரித்தால், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியைப் பற்றிச் சொல்லுங்கள். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலத்துக்குக் கணித இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் படங்களை விதிகளால் உருவாக்கும் ஆய்வுகளில் அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இதற்கும் நீதிபதி வீட்டில் உண்டு. பாட்டியிடம் திரையைக் காட்டுங்கள். கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

எட்டா, நாலா?

'கொழுந்து' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கொ, ழு, ந், து. நாலு. பைதனின் லென் என்ற கட்டளையிடம் கேளுங்கள், 8 என்று சொல்லும். யூனிகோடில் ககரம் வேறு, ஒகரக் குறி வேறு. மெய்யெழுத்தில் புள்ளியும் தனியாக எண்ணப்படும். இதைச் சரிசெய்யும் ஒரு சின்னச் செய்நிரலை எழுதிவிட்டால், தமிழில் சொல் விளையாட்டுக்கான கதவு திறந்துவிடும். தலைகீழாக எழுதினாலும் அதே சொல்லாக வரும் 'விகடகவி' போன்றவற்றைத் தேடலாம், வேர்டில் போன்ற விளையாட்டைத் தமிழில் செய்யலாம். வேர்டிலை ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைக்கு விளையாடக் கொடுக்கவே செய்தார். 2021 ஒக்டோபரில் பொதுவில் வைத்தார், 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. அப்படி ஒரு விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்துப் பிரிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ்க் கணினி வேலைகள் நிறைய இருக்கின்றன.

முட்டிப் பார்த்த பிறகு, முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன் தமிழ் நிரலகத்தைத் திறந்து, அவர்கள் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பாருங்கள். தமிழிலேயே கட்டளை எழுதும் எழில் என்ற மொழியையும் முத்தையா அண்ணாமலைதான் உருவாக்கினார். கணியம் தளத்தில் தமிழ்க் கணிநுட்ப நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி, போன், ஏஐ

மடிக்கணினி வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ரோய்டு போனில் பைட்ரோய்டு 3 என்ற செயலியை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே பைதன் ஓடும். போனில் தட்டச்சு செய்வது சிரமம்தான். அதனாலேயே சின்னதாக எழுதுவீர்கள், அதுவும் நல்லதற்கே. முதலில் கொப்பியில் பேனையால் எழுதிப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் பைதன்தான் வருகிறது, ஆகவே பரீட்சைக்கும் உதவும்.

சட்ஜிபிடியிடம் கேட்டால் சம்பளச் செய்நிரலை அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுமே? தரும். உங்கள் தோட்டத்தின் அரைப்பேர் விதி அதற்குத் தெரியாது. தொழில் தருநர் போட வேண்டிய 12 வீதத்தையும் அம்மாவின் சம்பளத்திலிருந்தே கழித்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள். விடை முன்பே தெரிந்த வேலைகளை எடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இப்போது இது இன்னொரு காரணம். ஏஐயை ஒதுக்கவும் வேண்டாம். முதல் வடிவத்தை நீங்களே எழுதுங்கள். முட்டி நின்றால், "இந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். அது தந்த வரி ஒன்றை உங்களால் இன்னொருவருக்கு விளக்க முடியாவிட்டால் அந்த வரியைச் சேர்க்காதீர்கள்.

வேலைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பொழுதுபோக்காக எழுதிய செய்நிரலுக்காக யாரும் நியமனக் கடிதம் அனுப்பப் போவதில்லை. படிப்பும் வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் பைதன், இணைய வடிவமைப்பு ஆகியவற்றில் தொடக்கப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் தொடங்கிய ஊக்கி என்ற பயிற்சி நிலையம் இளைஞர்களுக்காகவே நடக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகக் கணினிப் பொறியியல் துறை தன் மாணவர்களின் செயற்றிட்டங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. கண்டிக்காரப் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் இருப்பது நட்டம்.

ஆனால் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும். நேர்முகத்தில் "நீங்களாக என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி வரும்போது பலர் வகுப்பில் தந்த அதே நூலக முகாமைத்துவச் செயற்றிட்டத்தைச் சொல்வார்கள். நீங்கள் அரைப்பேர்க் கணக்கைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அவர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அடுத்து அவர் கேட்கப்போவது, "இதில் உங்களை அதிகம் படுத்திய பிழை எது?" என்பதாக இருக்கும். அதற்காகவே ஒரு பிழைக் கொப்பி வைத்திருங்கள். தேதி, என்ன நடந்தது, எப்படிப் பிடித்தேன். நாலு வரி போதும்.

முடித்த ஒவ்வொன்றையும் கிட்ஹப் என்ற தளத்தில் ஏற்றுங்கள். இது என்ன, யாருக்காக, எப்படி ஓட்டுவது, எது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும் ஒரு குறிப்பு வையுங்கள். கடைசி விஷயத்தை மறைக்காதீர்கள். குறை எங்கே என்று தானே சொல்பவரை நிறுவனங்கள் நம்பும். பாதியில் நின்ற பத்தைவிட முடித்த மூன்று மேல்.

சிறிதாகத் தொடங்கியவை எங்கே போய் முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. பைதனே 1989 கிறிஸ்மஸ் விடுமுறையில் குயிடோ வான் ரொசம் பொழுதுபோக்காகத் தொடங்கியது. லினக்ஸை 1991இல் அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெறும் பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார். மலேசியாவின் முத்து நெடுமாறன் தமிழைத் திரையில் கொண்டுவரும் ஆவலில் எண்பதுகளில் தொடங்கியது முரசு என்ற மென்பொருள். இன்று ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவருடையது.

நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, லங்கா சொப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தன்னார்வலர்கள் சில வாரங்களில் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி செய்யும் அமைப்புகளின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற பதிவேடு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு பட்டியலும் ஒரு தேடலும்தான். பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாகப் பங்களிப்போருக்குப் பணம் கொடுக்கும் கூகுளின் சமர் ஒஃப் கோட் திட்டத்தில், முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் நம் மொரட்டுவைதான். மலையகத்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் போய் நிற்க முடியாததற்கு அறிவுக் குறைவு காரணமல்ல. பழக இடமும் கேட்க ஆளும் இல்லாததே காரணம்.

அதனால் கடைசி வார்த்தை பாடசாலை ஆசிரியர்களுக்கு. பல பாடசாலைகளில் கணினி அறை இருக்கிறது, பாடவேளை முடிந்ததும் பூட்டிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் அதைத் திறந்து வையுங்கள். பாடத்திட்டம் வேண்டாம், பரீட்சை வேண்டாம். பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த சின்ன வேலையைச் செய்யட்டும், முடித்ததை மாதத்துக்கு ஒருமுறை மற்றவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டட்டும். எல்லாக் கேள்விக்கும் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாவியோடு அங்கே இருந்தால் போதும்.